துவைக்காத சேலை

வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற மூஞ்சிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. யூடியூப்பைத் திறந்தால் ஒவ்வொரு வீடியோவின் முகப்பிலும் யாராவது கண்ணை உருட்டுகிறார், கன்னத்தில் கை வைக்கிறார், பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி. அந்தச் சின்னப் படத்துக்குத் தம்ப்நெயில் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வீடியோவைத் தொடுவதா, தள்ளிவிட்டுப் போவதா என்று முடிவு செய்கிறார்கள். மூன்று வருஷமாக நானும் அதே படங்களைச் செய்துகொண்டிருப்பதால் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

பிழைப்புக்கு நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிறேன். தம்ப்நெயில் வேலை என் அக்காவுக்காக மட்டும். நாரணாபுரத்தில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. மாமா லோடு லாரி ஓட்டுகிறார். போனால் திரும்பப் பத்து நாளாகும். அக்கா பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக அந்த வெடிமருந்தில் கலக்கிற அலுமினியப் பொடியைச் சுவாசித்ததில் இருமல் ஒட்டிக்கொண்டது. மதுரையில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தூசியை விட்டு விலகினால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். விலக வேண்டுமானால் வேறு வருமானம் வேண்டும். அக்காவுக்கு மருந்து செலுத்தத் தெரியும், அதை விட்டால் சமைக்கத் தெரியும். அதனால் சமையல் சேனல் ஆரம்பித்தோம்.

முதல் ஆறு மாதம் நான் செய்த தப்பை லேபிள்காரன் மட்டும்தான் செய்வான். பெட்டியில் ஒரு விரற்கடை வெற்றிடம் விட்டாலும் எங்கள் முதலாளிகளுக்குப் பொறுக்காது. பூ, பொறி, புலி, குழந்தை, ஏழு நிறம், எல்லாம் வேண்டும். அதே கையோடு கருவாட்டுக் குழம்புக்கும் பொறி பறக்கவிட்டேன். போனில் அந்தப் படம் தீப்பெட்டி அளவுதான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. நூறு பேர் கண்ணில் பட்டால் ஒருவர் தொட்டார். சில நாள் அவரும் இல்லை. அக்கா தினமும் அந்தக் கணக்கை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பதிலைக் கேட்காமலே கம்பெனி வேனில் ஏறிப் போவாள்.

பிறகு படத்தைக் காலி செய்தேன். ஒரு சட்டி, ஒரு நிறம், இரண்டே வார்த்தை. கொஞ்சம் ஏறியது. ஆனால் வேலையை விடுகிற அளவுக்கு ஏறவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்கா வேனிலிருந்து இறங்கி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். முகம், புருவம், காது மடல் எல்லாம் பொடி படிந்து வெள்ளியாக மினுங்கியது. கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் கேட்கக்கூடத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்தாள். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். அந்த வாரம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வீடியோவுக்கு அவளிடம் கேட்காமல் அதையே முகப்பாக வைத்தேன். எழுத்து எதுவும் போடவில்லை.

விடிந்து பார்த்தால் எனக்கே பயமாகிவிட்டது. அதுவரை போட்ட எல்லா வீடியோவையும் சேர்த்தால்கூட அத்தனை பேர் தொட்டதில்லை. அக்காவிடம் போனைக் காட்டினேன். நெடுநேரம் தன் முகத்தையே பார்த்தாள்.

"ஏலே, இந்த மூஞ்சியவா போட்ட?"

"எடுத்துரவாக்கா?"

கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். பாவம் அம்மா, உழைப்பின் முகம், கண்ணீர் வந்துவிட்டது என்று நூற்றுக்கணக்கில் இருந்தன.

"இம்புட்டுப் பேரு பாவம்ங்குறாக. கொளம்பு எப்பிடி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலையே," என்றாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "கெடக்கட்டும், எடுக்காத," என்று சொன்னாள்.

அதிலிருந்து வாராவாரம் அவள் வேலைவிட்டு வந்த முகத்தையே முகப்பாக வைத்தேன், சேனலில் காசும் வரத் தொடங்கியது. அடுத்த தீபாவளி சீசன் தொடங்குவதற்கு முன்பு அக்கா கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. நான் சாதித்துவிட்டதாகவே நினைத்தேன். எல்லோருமாக இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். அங்கே எடுத்த படத்தில் அக்கா நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாகச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து வெகு காலமாகியிருந்தது. அதையே அடுத்த வீடியோவுக்கு முகப்பாக வைத்தேன்.

ஒருவரும் தொடவில்லை.

மறுவாரம் வேறு சிரிப்பு, அதற்கடுத்த வாரம் வேறு சேலை, வேறு வெளிச்சம். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. கம்ப்யூட்டரில் அவள் முகத்துக்கு வெள்ளி பூசிப் பார்த்தேன். அதுதானே என் தொழில், நன்றாகவே வந்தது. ஆனால் ஒருவர் கீழே எழுதிவிட்டார், இந்தக் கண்ணில் களைப்பு இல்லை, ஏமாற்றுகிறீர்கள் என்று. என் கைவேலையை அத்தனை சரியாக ஒருவர் கண்டுபிடித்தது அதுதான் முதல் தடவை. கம்பெனியிலிருந்து அவளைத் திரும்ப வேலைக்குக் கேட்டு வந்தார்கள். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு மத்தியானம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். கொல்லைப்புறத்துச் சுவரில் அடித்த ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அதற்குள் அவள் கடைசியாக வேலைக்குக் கட்டிப்போன சேலை இருந்தது. அதைத் துவைக்காமல் ஏன் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. அடுப்புக்குத் தூரமாக, வெயிலில் நின்று, சேலையை முகத்துக்கு நேராகப் பிடித்து ஓர் உதறு உதறினாள். பொடி எழும்பிப் படிந்தது. சேலையை மேலே போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "எடு," என்றாள்.

அந்த வீடியோ ஓடியது. கம்பெனிக்கு வரவில்லை என்று மறுநாளே சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் இதுதான் எங்கள் வேலை. உப்புமாவுக்கும் உதற வேண்டும், கேப்பைக் கூழுக்கும் உதற வேண்டும். வேறு வழி தேடி நான் எத்தனையோ படம் மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் தாண்டிப் போகிறார்கள், நானும் வெட்கமில்லாமல் அந்தச் சேலைக்கே திரும்பி வருகிறேன். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னால், துணி கட்டிய இடத்தில் பொடி படியாமல் தடம் தெரிகிறது என்கிறாள். அதுவும் உண்மைதான்.

உதறியதும் அவளுக்கு இருமல் வரும். முன்பு வந்த அதே இருமல். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு வலிக்க இருமுவாள். நான் போனைப் பிடித்தபடி நிற்பேன். இருமி முடித்து நிமிரும்போது கண்ணில் நீர் கோத்து, முகம் அப்படியே சோர்ந்து கிடக்கும். அந்த நொடியில் எடுத்த படத்தைத்தான் அதிகம் பேர் தொடுகிறார்கள். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

போன வாரம் அந்த நொடியைத் தவறவிட்டுவிட்டேன். என் முகம் மாறியதை அவள் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சேலையை மறுபடியும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரியா வரலயோ? இரு தம்பி, இன்னொருக்கா இருமுதேன்."