யானைக்கு மேளம் வேண்டாம்

"படத்துல அழுவறதுக்கு வயலினு, ஓடறதுக்கு மேளம். இதுக்கு ஒரு படிப்பு வேணுமாடி?" என்று கேட்டார் கீழ்க்கட்டில் அக்கா. ஓசூரில் எங்கள் தொழிற்சாலை விடுதியில் என் கட்டிலுக்குக் கீழே படுப்பவர்; தளிப் பக்கத்துக் காட்டோர ஊர்க்காரர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

விடுதியில் மூன்று ஷிப்டு. எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் கூடத்து டிவியில் சத்தம் வைக்கக் கூடாது. சீரியலை ஊமையாகப் பார்க்க முடியாது. காட்டு விலங்குப் படங்களைப் பார்க்கலாம். அந்த ஊமைக் காட்சிகளுக்குத்தான் நான் செல்போன் செயலி ஒன்றில் இசையமைக்கத் தொடங்கினேன். வயலின், அதைவிடப் பெரிதாய் அடிக்குரலில் ஒலிக்கும் செல்லோ, பெரிய மேளம் என்று ஒவ்வொன்றாகப் பதிந்து அடுக்கினால் அறுபது பேர் சேர்ந்து வாசிப்பதுபோல இயர்போனில் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தவிர விடுதிக் கேட் திறக்காது. எனக்கு அந்த அறுபது பேர் போதுமாக இருந்தார்கள்.

யானைக்கூட்டம் ராகிக் கொல்லையில் இறங்கும் காட்சிக்கு மேளங்களை முழக்கி, பெருமையோடு அக்காவின் காதில் மாட்டினேன். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"ஏம்மா காலேஜு, மேளம் அடிச்சா யானை ஓடிப்போயிரும். நாங்க தகரம் தட்றதே அதுக்குத்தான். அது வர்றப்ப ஒண்ணுமே கேக்காது. கதிர் முறியற சத்தம் கேட்டா, வந்து நின்னுடுச்சுன்னு அர்த்தம்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு மேளங்களையெல்லாம் எடுத்தேன். மூச்சை அடக்கியதுபோல ஒற்றைச் செல்லோ. நடுவே கதிர் முறிவதுபோல, வில்லின் கட்டை கம்பியில் படும் சிறு ஓசை. ஆவணப்படங்களுக்கு இசை செய்யும் பெங்களூர் ஸ்டூடியோ ஒன்றுக்கு அதை அனுப்பினேன். உதவியாளர் வேலைக்குப் பார்க்க வேண்டும், வியாழக்கிழமை நேரில் வா என்றார்கள்.

வார நாளில் வெளியே போக வீட்டார் வந்து கையெழுத்திட வேண்டும். பர்கூர் குவாரியிலிருந்து அப்பா போனில் கத்தினார்: "கெடச்ச வேலைய உட்டுட்டுப் பீப்பி ஊதப் போறியா? நான் வர்ல."

புதன்கிழமை முழுவதும் கன்வேயரில் மின்சுற்றுப் பலகைகள் என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. நான் மட்டும் நின்ற இடத்தில் நின்றேன்.

"உன்ன எடுக்கலன்னா?" என்றார் அக்கா.

"தெரியலக்கா."

"அந்தச் செல்லோவ மட்டும் யாரு சொன்னாலும் மாத்தாத" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூஜுவாடி எல்லை தாண்டி, அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கும் பெங்களூர் பஸ்ஸில் இதை எழுதுகிறேன். வேலையை விட்டுப் போகிறவளுக்கு யார் கையெழுத்தும் தேவையில்லையாம். காலையில் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தேன். கேட்டைத் திறந்துவிட்டார்கள்.