அக்வி எந்த வழியாக வந்தாள்

எங்கள் விடிகும் ஊர்ப்பக்கத்தில் அக்வியைப் போல எண்ணெய்ப்பனைப் பழத்தை மிதித்து எண்ணெய் எடுக்க ஆள் கிடையாது. சின்னப் பிள்ளையில் யாரோ அவளைச் சந்தையில் விட்டுப் போனார்கள். எண்ணெய்க்காரி ஒருத்தி எடுத்து வளர்த்தாள். பிற்பாடு ஒருவன் வந்தான், பிள்ளையைக் கொடுத்தான், கம்பி நீட்டிவிட்டான். பாவி! அப்போதும் அக்வி அழவில்லை. சிவப்பெண்ணெயைத் தலையில் சுமந்து மேட்டுச் சந்தையில் விற்றே மகன் தெம்போனை ஆளாக்கினாள்.

அவனுக்கு அபண்டாவின் மகள் லும் என்பவளைப் பெண் கேட்டு, கள்ளும் எண்ணெயும் ஆடுமாக அக்வியும் பக்கத்து வீட்டுக்காரி நானும் ஊராரும் போனோம். பெண்ணின் அப்பா அந்தக் கள்ளைக் குடித்தால்தான் சம்மதம். அபண்டா அதைத் தொடவே இல்லை.

“தட்கோனை விட்டுப் பிரிஞ்சப்போ உங்க முன்னோர் எந்த வழியாப் போனாங்க? அதச் சொல்லுங்க, குடிக்கிறேன்.”

எங்கள் ஆதித் தகப்பன் தட்கோனில் மண்ணைப் பிளந்து வெளியே வந்தவர். அவர் பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். ஒரே வழியில் போனவர்கள் அண்ணன் தங்கை முறை. வழி சொல்லாதவனுக்குப் பெண்ணே கிடையாது.

அக்வி தலை குனிந்தாள்.

“நம்ம வழின்னே வச்சுக்கலாமே!” என்றான் அபண்டாவின் தம்பி, பெரிய மனசோடு.

“அட மடையா, அப்போ பையன் பொண்ணுக்கு அண்ணன் ஆயிடுவானே!” என்று அபண்டா கத்த, கூட்டமே சிரித்தது.

நான் எழுந்தேன். “இவ என் தங்கச்சி. எங்க ஆத்தோர வழி!” பச்சைப் பொய்தான். அதனாலென்ன?

அக்வி என் கையைப் பிடித்தாள். “வேணாங்க்கா. கள்ளு முன்னால பொய் வேணாம்.” அபண்டாவைப் பார்த்தாள். “எனக்கு வழி தெரியாதுங்கய்யா. மண்ணுலேருந்து வந்தாரே ஆதித் தகப்பன், அவரை எந்த வழியா வந்தீங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா? எங்க குடும்பம் என்னோடதான் தொடங்குது. சந்தை வழின்னு வச்சுக்குங்க.”

லும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அபண்டா மகளிடம் கையை நீட்டினார். “அந்தக் குடுக்கையை இப்படிக் கொடும்மா. சந்தை வழிக்காரங்க கள்ளு எப்படியிருக்குன்னு பாப்போம்.”

அவர் குடித்தார். அக்வி அப்போதுதான் அழுதாள்.