பக்கெட்டில் பிழைத்த மீன்கள்

“...சாகலைண்ணா. செத்திருந்தா ஏதோ நோவுன்னு நெனச்சு நானே அள்ளிக் கொட்டியிருப்பேன். உங்களக் கூப்புட்டிருக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே பாய் அந்த வெள்ளைப் பீங்கான் தட்டை என் முன்னால் நீட்டினார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பொங்கல் முடிந்த கையோடு, மத்திகிரிப் பக்கம் எங்கள் ஊர்க் குட்டைக் கரையில் நடந்தது இது. தட்டில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அரை ஏக்கரில் பாலிஹவுஸ், பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய பெரிய கூடாரம். உள்ளே சிவப்பு ரோஜா. காதலர் தினத்துக்குப் போகிற பூதான் எங்களுக்கு வருஷச் சோறு. அதற்கு ஜனவரிப் பனியில் செடியைக் காப்பாற்றியாக வேண்டும். டவுனி என்று நாங்கள் சொல்கிற பூஞ்சாண நோய் இலையில் இறங்கிவிட்டால் நாலே நாளில் தோட்டம் மொட்டை. அதனால் விடாமல் மருந்து அடிப்போம். ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். நானும் மருந்தை மில்லிக் கணக்கில் அளந்துதான் கலப்பேன். ஆனால் அடித்து மிஞ்சியதையும், டிரம் கழுவிய தண்ணீரையும் அளவும் இல்லாமல் யோசனையும் இல்லாமல் பக்கத்துக் கால்வாயில் சாய்த்துவிடுவேன். கால்வாய் நேராகப் போய்ச் சேர்வது பாய் குத்தகைக்கு எடுத்திருந்த குட்டையில்.

பாய் ஓசூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவர். நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் மீன் வளர்க்க வந்தார். வெளியில் குஞ்சு வாங்கி வளர்த்துக்கொண்டிருந்தவர், அந்த வருஷம்தான் முதல் முறையாகத் தன் குட்டையிலேயே முட்டை பொரிக்கவைக்கப் பார்த்தார். பழைய சாக்கைப் பிரித்து நார்க் கொத்தாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால், கெண்டை அதில் ஜவ்வரிசி மாதிரி முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். அந்தக் கொத்துகளைச் சன்னமான வலைத்துணிக்குள் வைத்திருந்தார். அவர் வீட்டம்மா அதற்குத் ‘தொட்டில்’ என்று பேர் வைத்திருந்தார். இது கைகூடினால் திரும்பக் கம்பெனி வாசலை மிதிக்க வேண்டாம் என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கனவு.

முட்டை வைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாய் வந்து கேட்டார். “அண்ணா, ஒரு பத்து நாளைக்கு டிரம்ம மேட்டுப் பக்கமாக் கழுவுங்களேன்.” மேட்டுப் பக்கம் என்றால் டிரம்மை உருட்டிக்கொண்டு நூறு அடி போக வேண்டும். அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயாலேயே ஊரை ஜெயிக்கிறவன் ஆயிற்றே நான்! மருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டி, “இது பூச்சி மருந்து இல்ல பாய், பூஞ்சாண மருந்து. வெஷத்தக் காட்டற முக்கோணம் பாருங்க, செவப்பு கூட இல்ல. மீனுக்கு என்ன பண்ணும்?” என்றேன். அதோடு விடவில்லை. அவர் குட்டையிலிருந்தே இரண்டு பெரிய கெண்டையைப் பிடித்து வரச்சொல்லி, டிரம் கழுவிய தண்ணீரைப் பெயிண்ட் பக்கெட்டில் ஊற்றி, பூ தரம் பிரிக்கிற பெண்கள் முன்னால் அதில் விட்டேன்.

காலையில் விட்ட மீன்கள், மத்தியானம் பெங்களூருக்குப் பூ ஏற்ற வேன் வந்தபோதும் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தன. “பாய், உங்க மீனு மருந்து குடிச்சுப் பளபளன்னு ஆயிடுச்சே, பொண்ணு பாக்க வராங்களா?” என்று ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். மீனைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது மட்டும், “வெளையும் பயிர் மொளையில தெரியும்னு நீங்கதானண்ணா அடிக்கடி சொல்வீங்க? நான் மொளையத்தான் கேக்கறேன்” என்றார். எனக்கு உறைக்கவில்லை. முட்டை வைத்த வாரம் பனி அதிகம். இரண்டு முறை மருந்தடித்தேன். இரண்டு முறையும் டிரம்மைக் கால்வாயில்தான் கழுவினேன்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். அதில் நகம் வெட்டிப் போட்ட துண்டுகள் மாதிரி ஏதோ கிடந்தன. பாய் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். குனிந்து பார்த்தேன். பொரிந்து வந்த குஞ்சுகள். உடம்பே கண்ணாடி. கறுப்புப் பொட்டாக இரண்டு கண், வயிற்றடியில் ஊதிப்போன பை. ஒன்றுக்கும் முதுகு நேராக இல்லை. நீந்தப் பார்த்து, நீந்த முடியாமல், இருந்த இடத்திலேயே வட்டம் சுற்றின. உயிரோடுதான் இருந்தன.

பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப். முட்டை வைத்த அன்றே, பொரிவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் ஆசையில் அவர் வீட்டம்மா ஒரே ஒரு கொத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் போர் தண்ணீரில் போட்டிருந்தாராம். அதில் இருந்த குஞ்சுகள் ஊசி மாதிரி நேராக, சர் சர்ரென்று ஓடின. ஒரே தாய் வைத்த முட்டை.

பிறகு மீன் வளர்ப்பு தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். “கட்டி முடிச்ச வீட்டு மேல மழை பேஞ்சா வழிஞ்சு ஓடிரும். கடக்கால் தோண்டும்போது பேஞ்சா?” என்றார். முட்டைக்குள் முதுகும் இதயமும் உருவாகிற அந்தச் சில நாட்களில் துளி மருந்து கூடப் போதுமாம். நான் பக்கெட்டில் சோதித்தது கட்டி முடித்த வீட்டை. டப்பில் பிழைத்தவை ஒரு பிழைப்புக்குப் போதவில்லை. அந்த மாசமே பாய் குட்டையை விட்டுவிட்டார். இப்போது மறுபடியும் கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிஃப்டுக்குப் போகிறார். வழியில் பார்த்தால் கை தூக்குவார். நான் இப்போதெல்லாம் மேட்டில் குழி வெட்டி அதில்தான் டிரம் கழுவுகிறேன். நூறு அடிதான். அன்றைக்கு ஏன் அது அவ்வளவு தூரமாக இருந்தது என்று உருட்டுகிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் என்னை இன்றும் குத்துவது கால்வாயில் ஊற்றியதைவிட, அந்தத் தட்டைப் பார்த்த பிறகும் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தைதான். “பனியா இருக்கும் பாய்” என்றேன். தப்பு என்று தெரிந்தே சொன்னேன். ஊரார் பழமொழியெல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தவனுக்கு, ‘மன்னிச்சிருங்க’ என்ற ஒரு வார்த்தை அன்றைக்கு வரவில்லை.

பாய் என் ரோஜாவுக்கென்று நான் சேர்த்துவைத்திருந்த தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, “அது நல்ல தண்ணிதானண்ணா? இருக்கற வரைக்கும் அதுல இருக்கட்டுமே” என்றார். யாரையும் கை நனைக்கக்கூட விடாத தொட்டி அது. நான் தலையாட்டினேன். அவர் துளி சிந்தாமல் மேடேறிப் போய், குனிந்து, தட்டைத் தண்ணீரில் மெதுவாகச் சாய்த்து, வளைந்த குஞ்சுகளில் கடைசி ஒன்றும் இறங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.