இரண்டு வால் மீன்

"ஹோல்டுல இருங்க" என்று ஒரு குரலுக்குச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தொங்கும் இயர்போன் கம்பியை வளன் மறுபடியும் இடது காதில் செருகிக்கொள்கிறார். வலது காதில் ஆஸ்பத்திரி, இடது காதில் உளவியல். இடது காதில் ஒரு பெண் குரல் பாடம் வாசிக்கிறது. செல்போனுக்குள் இருக்கும் அந்தக் குரலை அவர் முழு வேகத்தில் ஓடவிடுவார். மற்றவர்களுக்கு அது தாளித்த கடுகு வெடிப்பதுபோலத்தான் கேட்கும். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விழும். "நினைவு மூன்று வகைப்படும்" என்று குரல் தொடங்குவதற்குள் வலது பக்கம் மணி அடிக்கும். "வணக்கம், சொல்லுங்க" என்பார். நினைவு அப்படியே நிற்கும்.

பாளையங்கோட்டையை அடுத்த வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசை அவருடைய இடம். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி, எந்த வார்டுக்கோ எந்த டாக்டருக்கோ இணைத்து விடுவது வேலை. பிறவியிலேயே பார்வை கிடையாது. உவரிக்காரர். அப்பா வள்ளத்தில் கடலுக்கு மீன் பிடிக்கப் போனவர். சிறு வயதிலேயே பாளையங்கோட்டை விடுதியில் சேர்த்து விட்டார்கள். படித்து முடித்த பிறகும் ஊர் திரும்பவில்லை. பாளையங்கோட்டையிலேயே வேலை தேடி, கல்யாணம் முடித்து, வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டார். சாலையைக் கடக்கும்போது யாராவது கேட்காமல் கையைப் பிடித்தால் மட்டும் முகம் மாறும். "நான் உங்க பையா, தூக்கிட்டுப் போக?" என்பார்.

அஞ்சல் வழியில் உளவியல் பட்டம் படிக்கிறார். படித்ததை யார் மேலாவது போட்டுப் பார்க்காமல் அவருக்கு மனதில் நிற்காது. ஆஸ்பத்திரி வாசலில் காவல் இருக்கும் இசக்கியப்பன்தான் அதிகம் அகப்படுவார். வாசலில் ஒரு நாய் உண்டு. இசக்கியப்பனைக் கண்டதும் வாலாட்டும், அவர் பிஸ்கட் போடுவார். நாயை நன்றாகப் பழக்கி வைத்திருப்பதாக அவருக்குப் பெருமை.

"நீரு நாயைப் பழக்கல அண்ணாச்சி" என்றார் வளன் ஒருநாள். "நாய்தான் உம்மைப் பழக்கி வச்சிருக்கு. அது வாலை ஆட்டுது, நீரு பிஸ்கட்டு போடுதீரு. யாரு யாருக்கு வாத்தியாருன்னு யோசிச்சுப் பாரும்."

"இதுவும் உம்ம அக்கா சொன்னாளாக்கும்" என்றார் இசக்கியப்பன். செல்போன் குரலுக்கு ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பெயர். வளனின் அக்கா.

தன்னையும் அவர் விட்டுவைப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோயில் முழுக்க அமைதி. பீடத்தில் சிறு மணி அடித்தது. "வணக்கம், சொல்லுங்க" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார் வளன். பக்கத்தில் இருந்த மனைவி ஜாய்சி தொடையில் கிள்ளினார். முன்வரிசையில் யாரோ இருமி மறைத்தார்கள். வீடு வரும்வரை வளனுக்கு வெட்கத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். தூண்டல் என்றால் நம்மை உசுப்புவது, துலங்கல் என்றால் அதற்கு நாம் செய்வது. மணி தூண்டல், வணக்கம் துலங்கல். உலகம் முழுக்கப் பரீட்சையில் மணிச் சத்தத்துக்கு எச்சில் ஊறும் நாயை எழுதுகிறார்கள், நான் என்னையே எழுதப்போகிறேன் என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே வந்தார்.

"துலங்கலோ துலக்கலோ" என்றார் ஜாய்சி, "அடுத்த வாரம் வாயை மூடிக்கிட்டு முழங்கால்ல நில்லுங்க."

நினைவைப் பற்றிய பாடமும் அப்படித்தான் நிலைத்தது. ஆஸ்பத்திரியில் உள் எண்களை எல்லாம் ஒரேயடியாக மாற்றினார்கள். பழைய எண் புதிய எண்ணை மறித்துக்கொண்டே இருந்தது. பிரசவ வார்டைக் கேட்ட ஒரு பெரியவரை வளன் கேன்டீனுக்கு இணைத்துவிட்டார். "ஆயிட்டா?" என்று கேட்டிருக்கிறார் பெரியவர். "இன்னும் வேகல, பத்து நிமிஷம் ஆகும்" என்று பதில் வந்திருக்கிறது. பெரியவர் பதறிப்போய் நேரில் வந்துவிட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, பழைய நினைவு புதியதைத் தடுக்கும் விதத்தையும் வளன் எடுத்துச் சொன்னாராம். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் பெரியவரும் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் விளையாட்டுக்காக அவர் இதைப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைப்பவர்கள் எல்லோரும் வார்டைத்தான் கேட்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பார்வையாளர் நேரம் என்ன என்று ஒரு பெண் கேட்பார். பதில் சொன்ன பிறகும் போனை வைக்கமாட்டார். கொஞ்சம் மூச்சு விட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். கேள்வி அதுவல்ல என்று வளனுக்குத் தெரியும். ஆனால் அடுத்த மணி அடித்துக்கொண்டிருக்கும். இணைக்க வேண்டும், அல்லது துண்டிக்க வேண்டும். "வாற குரலையெல்லாம் அங்கன இங்கன தள்ளி விடுததுதான் அண்ணாச்சி என் வேலை. ஒரு குரலையாவது நானே வச்சுக் கேக்கணும்" என்று இசக்கியப்பனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அப்படிக் கேட்கும் வேலை ஒன்று பாளையங்கோட்டையிலேயே இருந்தது. மனம் நொந்தவர்கள் போனில் பேசுவதற்கான ஆலோசனை மையம். அங்கே வளனைப் பேச வைத்துப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. ஜூனில் புதியவர்களைச் சேர்க்கும்போது பட்டத்தோடு வாருங்கள், இடம் உங்களுக்குத்தான், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். எல்லாத் தாளும் முடித்தாகிவிட்டது. முதலாம் ஆண்டுப் பொது உளவியல் மட்டும் பாக்கி. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. கொஞ்ச மதிப்பெண்ணில்தான் போனது. அதுதான் எரிச்சல்.

போனதற்குக் காரணம் ஒரே ஒரு பகுதி. புலன்காட்சி. புலன்கள் கொண்டுவருவதை மனம் புரிந்துகொள்ளும் விதம். அதில் திரிபுக்காட்சி என்று ஒன்று வரும், இருப்பது வேறாகத் தெரிவது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத் தலை, மற்றொன்றின் இரு முனைகளிலும் அதே அம்பு வெளிப்பக்கம் விரிந்தபடி. பார்ப்பவர்களுக்கு முதலாவது குட்டையாகவும் இரண்டாவது நெட்டையாகவும் தெரியுமாம். பார்வையில்லாதவர்கள் படத்துக்குப் பதிலாக வார்த்தையில் விளக்கி எழுதலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் ஒரே நீளமுள்ள கோடு ஏன் வேறு வேறாகத் தெரிய வேண்டும்? வளனுக்கு அது பிடிபடவே இல்லை. அக்கா சொன்னதை வரி மாறாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனார். பரீட்சை அறையில் அந்த வரி தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. நெட்டையைக் குட்டை என்றும் குட்டையை நெட்டை என்றும் உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்தார். அடுத்த தடவையும் அதே. அந்தத் தடுமாற்றத்தில் பக்கத்துக் கேள்விகளும் கலைந்தன.

இதைவிட உள்ளே குத்தியது வேறொன்று. நேர்முக வகுப்பில் ஒரு பேராசிரியர், புலன்காட்சி விளங்காதவனுக்கு மனசு விளங்காது, மற்றதெல்லாம் இதன் மேல் கட்டிய கட்டடம் என்று பொதுவாகச் சொன்னார். அவர் யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அஸ்திவாரமே தனக்கு இல்லையோ என்று வளன் அன்றிலிருந்து நினைக்க ஆரம்பித்தார். அடுத்தவர் மனதைக் கேட்க நமக்கு என்ன தகுதி? வீட்டில் இதைச் சொல்லவில்லை. இந்தத் தடவை அந்தப் பகுதியை விட்டுவிடப்போவதாக மட்டும் சொன்னார். அது கண் உள்ளவன் பாடம், போனால் கொஞ்ச மார்க்குதானே என்றார்.

ஜாய்சி தையல்காரர். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறார். மிஷின் சத்தத்துக்கு நடுவே அவர் காதிலும் பாதிப் பாடம் ஏறியிருந்தது.

"தோத்தவன் சாக்குச் சொல்லுததுக்கு உங்க அக்கா நேத்து ஒரு பேரு சொன்னாளே, அது என்ன?" என்று கேட்டார்.

"நியாயப்படுத்தல்" என்றார் வளன்.

"அதேதான். இப்ப நீங்க செய்யுதது."

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மதியம். மீன் குழம்புச் சாப்பாடு முடிந்திருந்தது. விட்டுவிடப்போவதாகச் சொன்னவர் விடவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு அதே வரியை முணுமுணுத்தார். மறுபடியும் தலைகீழாகவே வந்தது. ஜாய்சி எழுந்துபோய் வீடு பெருக்கும் வாரியலில் இருந்து ஈர்க்குச்சிகளை உருவினார். அளவு டேப்பை வைத்து இரண்டு துண்டு ஒரே அளவாக நறுக்கினார். முனைகளுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள். புதுச் சட்டைக்குள் வரும் அட்டையில் எல்லாவற்றையும் ஒட்டி, காய்ந்ததும் வளன் மடியில் வைத்தார்.

"பைய தடவிப் பாருங்க. மேல உள்ளது ரெண்டு பக்கமும் தலை உள்ள மீன். கீழ உள்ளது ரெண்டு பக்கமும் வால் உள்ள மீன். நடு முள்ளை மட்டும் கணக்குல எடுங்க. எது நீளம்?"

வளன் ஒரு விரலை மேல் மீனில் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை ஓட்டினார். பிறகு கீழ் மீனில் இந்த வாலிலிருந்து அந்த வால்வரை.

"கீழ உள்ளது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாத்தான் சொல்லுதேன். கீழ உள்ளதுதான் நீளம். நீ வெட்டும்போது பிசகிட்டு."

மறுபடி ஓட ஆரம்பித்திருந்த மிஷின் நின்றது. "என்ன சொன்னீங்க? நான் தைச்ச சட்டையில ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னு இந்தத் தெருவுல எவளாவது சொல்லியிருக்காளா?"

அவர் பிளேடால் இரண்டு நடுக்குச்சிகளையும் பெயர்த்து எடுத்து வளன் கையில் திணித்தார். வளன் அவற்றை மேசைமேல் சேர்த்து நிறுத்தி உச்சியில் விரலை வைத்தார். மட்டம். தலைகீழாக்கி நிறுத்தினார். அப்போதும் மட்டம். அட்டையை நீட்டி, பழையபடி ஒட்டித் தரச் சொன்னார். தடவினார். வால் உள்ளது நீளமாகத்தான் இருந்தது.

"தெரிஞ்ச பிறகும் ஏமாத்துது பாருட்டி" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நானும் ஏமாந்துட்டேன் ஜாய்சி. எல்லாரும் ஏமாறுத மாதிரியே நானும் ஏமாந்திருக்கேன்."

"கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து தெனமும்தான் ஏமாறுதீங்க. அன்னைக்கெல்லாம் இப்படிச் சிரிக்கலையே" என்றார் ஜாய்சி. ஆனால் மிஷினை உடனே ஓட்டவில்லை. அந்தச் சிரிப்பு முடியும்வரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்த அட்டை ஆஸ்பத்திரிக்கு வந்தது. இசக்கியப்பனைக் கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொன்னார் வளன். கீழே உள்ளது நீளம் என்றார் அவர். கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். "திறந்தாலும் அப்படித்தாம்வே இருக்கு" என்றார் அவர். இரண்டும் ஒரே அளவு என்று சொன்னபோது இசக்கியப்பன் நம்பவில்லை. வளன் அவரோடு வாதாடவும் இல்லை. மேசைக்குத் திரும்பி, மணி அடித்ததும் ஏதோ நல்ல செய்தி சொல்லப் போகிறவரைப்போல "வணக்கம், சொல்லுங்க" என்றார்.

பரீட்சை நாள் வெயில் சுட்டது. சொல்வதை எழுதும் உதவியாளரோடு வருபவர்களுக்குக் கல்லூரியின் கோடியில் தனி அறை. வளனுக்கு எழுத வந்தவள் சுப்ரியா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். உளவியல் ஒரு எழுத்துகூடப் படித்ததில்லை. உதவியாளர் அதே பாடம் படித்தவராக இருக்கக்கூடாது என்பது விதி. அவள் வினாத்தாளை வாசித்துக்கொண்டே வந்தாள். நினைவு வந்தது. தூண்டல் துலங்கல் வந்தது. வளன் தன் கோயில் மணியை எழுதச் சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள். பிறகு திரிபுக்காட்சி. படம் தேவையில்லை, விளக்கினால் போதும் என்று கண்காணிப்பாளர் வாசல் பக்கமிருந்து நினைவுபடுத்தினார்.

"போடுதோம் சார்" என்றார் வளன். "ஸ்கேலை எடும்மா. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு கோடு. ரெண்டும் ஒரே அளவு, அளந்து போடணும். மேல் கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் மீன் தலை மாதிரி கூரா. கீழ்க் கோட்டுக்கு ரெண்டு முனையிலயும் மீன் வால் மாதிரி விரிஞ்சு."

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. ஸ்கேலை எடுத்து வைக்கும் சத்தம். மறுபடியும் ஸ்கேல்.

"சார், அளந்துதான் போட்டேன். ஆனா ஒண்ணு நீளமாப் போயிட்டு."

"எது நீளமாத் தெரியுது?"

"கீழ உள்ளது. அழிச்சிட்டு வேற போடட்டா?"

அவள் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து ரப்பரைத் தேடுவது வளனுக்குக் கேட்டது. அவர் விடைத்தாளின் ஓரத்தைத் தொட்டறிந்து, பென்சில் அழுத்திய கோடுகளை விரலால் தேடிக் கண்டுபிடித்தார். அந்த இரண்டு மீன்களும் முழுக்க மறையும்படி உள்ளங்கையை அகல விரித்து அவற்றின் மேல் வைத்துக்கொண்டார்.