கேட்காமல் போட்ட பெயர்

ஜெர்மனியில் பதினோரு வருடம் ஹோட்டல் அறை துடைத்துவிட்டு லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவள் ஜெயகௌரி. இங்கே விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. அது போதாதென்று ஊர்ச்சங்கத்து வேலை முழுவதும் அவள் தலையில்தான். ஒன்றுகூடல் என்றால் எல்லாரும் கடிக்க ரோல்ஸ் சுற்றுவது அவள். செத்தவீடு என்றால் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொல்வது அவள். மேடையில் மாலை வாங்குவது மட்டும் ஆம்பிளைகள்.

2009 ஒக்டோபரில் சங்கத் தலைவர் தேர்தல் வந்தது. தலைவருக்கு நிற்பவர் உபதலைவரையும் சோடியாகக் காட்ட வேண்டும், சோடியில்லாமல் நிற்க முடியாது என்பது அந்தச் சங்கத்து விதி. தலைவராக ஆசைப்பட்ட நகைக்கடை முதலாளி சண்முகராசா ஊரெல்லாம் தேடி ஜெயகௌரியின் பெயரைப் பிடித்தார். அவள் கூப்பிட்டால் ஹவுன்ஸ்லோப் பெண்கள் நாற்பது பேரும் வருவார்கள். வேறென்ன தகுதி வேண்டும்?

அவள் ஷிப்ட் முடிந்து வந்தபோது மேசையில் நோட்டீஸ் கிடந்தது. சண்முகராசாவின் படத்துக்குக் கீழே, 'உபதலைவர்: திருமதி ஜெயகௌரி இராஜேந்திரன்.'

"இதென்ன?"

கணவர் இராஜேந்திரன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சண்முகராசா அண்ணை வந்து கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன்."

"என்னைத் தேர்தலிலை நிப்பாட்ட உங்களிட்டையோ கேட்டவர்?"

"பின்னை? வீட்டுக்காரரைத்தானே கேக்க வேணும்."

ஜெயகௌரி நோட்டீஸைக் கவிழ்த்து வைத்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான் அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். அன்று அவளுக்குப் பத்தொன்பது வயது. இன்று ஐம்பத்தொன்று.

சண்முகராசாவுக்குப் போன் எடுத்தாள். "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை தங்கச்சி. சும்மா பேருக்குத்தான்" என்றார் அவர். பேருக்காம். முப்பது வருடமாகக் கறிவேப்பிலையாய் இருந்தது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங் மண்டபத்துக்கு நாற்பது பெண்களும் வந்தார்கள். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள். தேர்தல் நடத்திய செபமாலைமுத்து மாஸ்டர் விதிப்படி கேட்டார். "உபதலைவருக்கு நிக்கச் சம்மதமோ, பிள்ளை?"

ஜெயகௌரி எழுந்தாள். "மாஸ்டர், இதை என்னட்டைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். எனக்குச் சம்மதமில்லை."

சோடி போனதும் தலைவர் மனுவும் போயிற்று. சண்முகராசாவின் முகம் கறுத்தது. அப்போதும் அந்த மனுஷன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"என்ன இராஜேந்திரன்," என்று முன்வரிசையில் இருந்த அவள் கணவர் மேல் பாய்ந்தார், "நீர் ஓம் எண்டனீரெல்லோ?"