பிளாஸ்க்கில் போன மருந்து

பராகுவேயின் தலைநகரை நோக்கிப் போகிற நெடுஞ்சாலையில், பரேரோ கிராந்தே ஊரைத் தாண்டும் பஸ் டிரைவர்களில் ஞா பசிலியாவைத் தெரியாதவர் கிடையாது. ஞா என்றால் அங்கே அம்மா என்கிற மரியாதை. தலையில் கூடை, கூடையில் சுடச்சுடச் சீப்பா. மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டியும் சோம்பும் போட்டுப் பிசைந்து அடுப்பில் சுட்ட வளைய ரொட்டி அது. பஸ் முழுசாக நிற்பதற்குள் ஏறி, அது வேகம் பிடிப்பதற்குள் இறங்கிவிடுவாள். கூடை ஒரு நாளும் சரிந்தது இல்லை.

புருஷன் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் லிதுவினாவை அந்தக் கூடையை வைத்தே வளர்த்தாள். மகள் வளர்ந்து, ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிற வேலைக்குப் போனாள். மகள் போன பிறகுதான் பசிலியாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. முதலில் மாத்திரை, அப்புறம் இன்சுலின். சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, இந்த ஊசியும் நீர் கொடுத்ததுதான்" என்று சொல்லி வயிற்றில் குத்திக்கொள்வாள். அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதில்லை.

மகளுக்கு மாட்ரிட்டிலேயே மாப்பிள்ளை அமைந்தான். குழாய் வேலை பார்க்கிற நல்ல பையன், அவனும் பராகுவேக்காரன். கல்யாணத் தேதி குறித்தார்கள், தள்ளிப்போட்டார்கள். மறுபடியும் குறித்தார்கள், மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். காரணம் ஒன்றுதான். அம்மா விமானத்தில் வரப் பயந்தாள். பக்கத்து ஊரில் ஒருத்தர் இன்சுலினைப் பெட்டிக்குள் வைத்து ஏற்றி அனுப்பி, அது மேலே வானத்துக் குளிரில் உறைந்து கெட்டுப்போய், போய் இறங்கிய ஊரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்தக் கதை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

மூன்றாம் முறை மகள் போனில் சொன்னாள். "அம்மா, நீங்க என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் கோயில் படி ஏற மாட்டேன். எத்தன வருஷமானாலும் சரி, இப்படியே இருந்துக்கறேன்."

அன்றைக்குத்தான் பசிலியா போகிறது என்று முடிவு கட்டினாள்.

அவளுடைய அக்கா சுனில்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஏன்டி, பஸ்ஸுல ஏறி இறங்குற மாதிரின்னு நெனச்சியா? நடு வானத்துல மயக்கம் வந்தா எந்த ஸ்டாப்புல எறங்குவ?"

"மாதா இருக்கிற இடத்துல எறங்குவேன், போ."

"மாதா இருக்கட்டும். மருந்து?"

மருந்துதான் கேள்வி. பசிலியா ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் போய் நர்சு ருமில்தாவிடம் உட்கார்ந்தாள். ருமில்தா பொறுமைசாலி. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். மருந்தைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கையிலேயே வைத்திருக்க வேண்டும். குப்பியை அதன் அட்டைப் பெட்டியை விட்டு எடுக்கக் கூடாது, மருந்துக்கடைச் சீட்டில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு கூடவே இருக்க வேண்டும். தேவைக்கு மேலே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

"குளிர்ச்சியா இருக்கணும் ஞா பசிலியா. ஆனா ஐஸ் மேல படக் கூடாது. பட்டா செத்துப்போயிரும். புரியுதா?"

"பச்சக் கொழந்தைய வெயிலுலயும் போடாத, மழையிலயும் போடாதங்கிற. அவ்வளவுதானே தாயி?"

"அதேதான். அதுக்குன்னு சின்னப் பை விக்கிறாங்க."

பசிலியாவுக்குப் பை மேல் நம்பிக்கை வரவில்லை. துணிப் பை எத்தனை நேரம் குளிரைப் பிடிக்கும்? பராகுவேயில் பிறந்த யாரையும் கேளுங்கள், குளிரைப் பிடிப்பது எது என்று. தெரெரே பிளாஸ்க் என்றுதான் சொல்வார்கள். கொம்புக் குவளையில் தெரெரே இலைத்தூளைப் போட்டு, ஐஸ் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஒரே இரும்புக் குழலால் ஆளாளுக்கு உறிஞ்சிக் கைமாற்றுகிற நாடு அது. கோயிலுக்குப் போனாலும் காட்டுக்குப் போனாலும் தோளில் பிளாஸ்க் தொங்கும். உச்சி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும்.

பசிலியாவின் பிளாஸ்க் பெரிய வாய் கொண்டது, சிவப்புத் தோல் உறை போட்டது. உள்ளே சுத்தமாகத் துடைத்தாள். குளிரவைத்த ஜெல் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தாள். மேலே இன்னொரு துணி. அதன் மேல் அட்டைப் பெட்டியோடு இன்சுலின் குப்பிகள். தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. ஊசிகளும் டாக்டர் சீட்டும் கைப்பையில். கொண்டுபோய்க் காட்டியபோது ருமில்தா விரலை விட்டுப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினாள்.

ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா? வெளிநாட்டில் இருக்கிற தங்கள் பிள்ளைகளுக்கென்று, அங்கே போகிறவர் கையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடுவது ஊர் வழக்கம். பாலாடைக்கட்டி, இலைத்தூள், குழந்தைக்குப் பின்னிய சட்டை எல்லாவற்றையும் பசிலியா வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். எதிர் வீட்டுக்காரி மட்டும் காகிதத்தில் மடித்த மாத்திரைகளை நீட்டினாள்.

"எம் மவனுக்கு. தலவலி வந்தா அவனுக்கு இதுதான் கேக்கும். ஒன் மருந்தோட மருந்தா இருந்துட்டுப் போகட்டுமே."

"அது மட்டும் வேணாம் தாயி. பேரு இல்லாத மாத்திர, எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவனுக்குச் சீப்பா ரெண்டு சேத்துக் குடுக்கறேன்."

எதிர் வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பசிலியாவுக்கு வருத்தம்தான், ஆனால் வாங்கவில்லை.

பயண நாளன்று சுனில்தாவின் புருஷன் அனஸ்தாசியோவின் வேனில் வீடே கிளம்பியது. அனஸ்தாசியோ அந்தச் சாலையில் பல வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். வழியில் காக்குப்பே மாதா கோயிலில் நிறுத்தினார்கள். பசிலியா முழங்காலிட்டு, "தாயே, மருந்தும் நானும் பத்திரமாப் போய்ச் சேரணும். ரெண்டுல ஒண்ணு போனா பத்தாது" என்று வேண்டிக்கொண்டாள்.

விமான நிலையத்துக்கு வெளியே மரநிழலில் உட்கார்ந்தார்கள். வழியனுப்புவது என்றால் தெரெரே இல்லாமலா? சுனில்தா தன் பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றினாள். குவளை சுற்றி வந்தது. அனஸ்தாசியோ வம்பிழுத்தார்.

"மச்சினி, பிளேன்ல ஜன்னலத் தொறக்கச் சொல்லிக் கேக்காத. தர மாட்டாங்க."

"நீங்க ஓட்டுன பஸ்ஸுல மட்டும் ஜன்னல் தொறந்துச்சா அத்தான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அழுதார்கள். கட்டிப் பிடித்து, நெற்றியில் சிலுவை வரைந்து, யாரோ பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட, யாரோ பிளாஸ்க்கை எடுத்துக் கையில் கொடுக்க, பசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். பெரிய பெட்டியைப் போட்டாயிற்று. சோதனை வரிசையில் நின்றாள்.

"இதுல தண்ணி இருக்கா அம்மா?" என்று கேட்டாள் அங்கே நின்ற அதிகாரி. மகள் வயசுதான் இருக்கும்.

"இல்லம்மா, மருந்து. இன்சுலின். டாக்டர் சீட்டு இருக்கு, பாரு." பசிலியா பெருமையோடு சீட்டை எடுத்து நீட்டினாள்.

அதிகாரி சீட்டைப் படித்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைச் சாய்த்துப் பசிலியாவுக்கும் காட்டினாள். ஐஸ் கட்டிகள் மிதந்தன. புதினாவும் ஏதோ ஒரு வேரும் மிதந்தன.

"இது தெரெரே தண்ணி அம்மா."

பசிலியா பிளாஸ்க்கைத் திருப்பிப் பார்த்தாள். அது அக்காவுடையது. சிவப்புத் தோல் உறை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே தோல்காரர் ஒரே சமயத்தில் தைத்துக் கொடுத்தது. அந்த நாட்டில் பணப்பையை மாற்றி எடுக்க மாட்டார்கள், செருப்பை மாற்றி எடுக்க மாட்டார்கள். பிளாஸ்க் மட்டும் எல்லாருடையதும். எவர் பிளாஸ்க்கானாலும் கைக்கு எட்டியதை எடுத்து ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட பாத்திரத்தில் போய் உயிரை வைத்தாயே என்று தன்னையே நொந்துகொண்டாள். மருந்து இல்லாமல் ஏறினால் மாட்ரிட்டில் ஆஸ்பத்திரி. ஏறாமல் நின்றால் மகளுக்குக் கோயில் படி கிடையாது.

"எம் மருந்து வெளிய வேன்ல போகுது தாயி. போய் எடுத்துட்டு வந்துரட்டுமா?"

"போங்க, சீக்கிரம் வாங்க. கதவ மூடிட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஓடினாள். வெளியே மரநிழல் காலியாக இருந்தது. அனஸ்தாசியோவின் வெள்ளை வேன் தூரத்தில், வெளிவாசல் வண்டி வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது. போன் செய்தாள். சுனில்தாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அழுகிற நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். வேனுக்கு முன்னால் இன்னும் இரண்டு வண்டிதான். அதற்கப்புறம் நெடுஞ்சாலை. பேர் சொல்லிக் கூப்பிட்டாள், கை தட்டினாள். யாரும் திரும்பவில்லை.

பசிலியா நின்றாள். மூச்சை அடிவயிறு வரை இழுத்தாள்.

"சீப்பா... சூடான சீப்பாவே... சூடு, சூடு, சீப்பாவே..."

நாற்பது இருக்கை பஸ்ஸின் கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிற குரல். என்ஜின் இரைச்சலைத் தாண்டிப் போகிற குரல். ஒரு டாக்சி சட்டென்று பிரேக் போட்டது. அதன் பின்னால் ஒரு காரும் நின்றது. வெளிவாசலில் வெள்ளை வேனின் சிவப்பு விளக்கும் பளிச்சென்று எரிந்தது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு நிறுத்தாமல் போனதாக அனஸ்தாசியோவின் கால்களுக்கு ஞாபகமே இல்லை. நிறுத்திய பிறகுதான் எதற்கு நிறுத்தினோம் என்று அவருக்கே புரிந்தது.

"எனக்கு ரெண்டு குடும்மா" என்று டாக்சிக்காரர் தலையை நீட்டினார்.

"திரும்பி வந்து தர்றேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே பசிலியா ஓடினாள்.

வேனின் கதவு திறந்தது. உள்ளே சுனில்தா ஒரு கையில் சிவப்புப் பிளாஸ்க்கும் மறு கையில் வழியில் வாங்கிய ஐஸ் பையுமாக உட்கார்ந்திருந்தாள். மூடியை அப்போதுதான் திருகியிருந்தாள்.

"தண்ணியே வரலடி. காலியாயிருச்சு போலன்னு ஐஸக் கொட்டலாம்னு பாத்தேன்..."

"கொட்டிராதக்கா." பசிலியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிளாஸ்க்கை வாங்கி உள்ளே விரலை விட்டாள். குளிர்ந்திருந்தது. அட்டைப் பெட்டிகள் நனையவில்லை. துணி வைத்த இடத்திலேயே இருந்தது.

சுனில்தா தங்கையின் கையையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள். "மாதாவே, நான் என்ன காரியம் பண்ணப் பாத்தேன்."

"நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் தெரெரே பிளாஸ்க்க நம்பினேன், தெரெரே குடிக்கிற ஆளுங்கள மறந்துட்டேன்."

அனஸ்தாசியோ வேனை வளைத்துத் திருப்பினார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் காதில் வாங்கவே இல்லை. வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "ஏறு மச்சினி. இனிமே நிறுத்த மாட்டேன்" என்றார்.

சோதனை வரிசையில் அதே பெண் நின்றாள். கூட்டத்தில் பசிலியாவைப் பார்த்ததும் கையசைத்து முன்னால் வரச் சொன்னாள். மூடியைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பெயரைப் படித்தாள். பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்தாள். துணியை விலக்கி ஜெல் பாக்கெட்டைத் தொட்டாள். அக்கம்பக்கத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், அட, நல்ல யோசனையாக இருக்கிறதே என்றார்.

"யாரு அடுக்கினது?"

"நான்தான் தாயி."

"எதையும் மாத்தாதீங்க. இப்படியே கொண்டு போங்க. எதுக்கு மாட்ரிட்?"

"மகள் கல்யாணம்."

"அப்ப ஓடுங்க."

பசிலியா ஓடினாள். கடைசி ஆளாக ஏறினாள். பிளாஸ்க்கைப் பார்த்த விமானப் பணிப்பெண் மேலே வைத்துவிடட்டுமா என்று கேட்டாள். "மடியிலயே இருக்கட்டும்மா" என்றாள் பசிலியா.

விமானம் எழும்பியபோது கண்ணை மூடி ஜெபமாலை சொன்னாள். சாப்பாட்டுத் தட்டு வந்தது. பக்கத்து இருக்கைப் பையனிடம், "தம்பி, ஊசி போட்டுக்கப் போறேன், பயமா இருந்தா அந்தப் பக்கம் திரும்பிக்க" என்று சொல்லிவிட்டு, சிலுவை போட்டு, மேகத்துக்கு மேலே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு தட்டில் இருந்ததை ஒன்று விடாமல் சாப்பிட்டாள். சோறு வேகவில்லை என்று ஒரு குறை மட்டும் அவளுக்கு இருந்தது.

கல்யாணத்தன்று மாட்ரிட்டில் மழை. அந்தக் கோயில் சின்னது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பசிலியா படி ஏறினாள். பந்தியில் பராகுவேப் பாட்டுப் போட்டார்கள். மாப்பிள்ளை வந்து கையை நீட்ட, மாமியார் எழுந்து ஆடினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் போன் அடித்தது. சுனில்தா.

"அடியே, ஊசி போட்டியா?"

"போட்டேன்க்கா."

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன். கேக்குகூட ஒரு விள்ளல்."

"கேக்கா? யாரக் கேட்டுத் தின்ன?"

"ருமில்தாவக் கேட்டுட்டேன். அப்புறம் மாதாவையும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரு விள்ளல்னாங்க." பசிலியா போனைத் தூக்கிப் பாட்டுப் பக்கமாகக் காட்டினாள். "கேக்குதா? போன வை. நான் ஆடணும்."