பேச்சியக்காவுக்குப் பிடிக்காத முடிவு

அந்தப் புத்தகங்களைப் பிரித்தாலே மிஷின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறும். பேச்சியக்கா அவற்றைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு போய், கம்பெனி பஸ்ஸில் படித்து முடித்து, ஷிப்ட் விட்டு வந்ததும் கறை போகாத விரல்களால் என்னிடம் நீட்டுவாள். மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா வரிசையாக நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ‘லைன் வூடு’ என்போம். அதில் கடைசி அறையில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் தங்கியிருந்தார்கள். மூத்தவள் பேச்சியக்கா. எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் தொங்கும் மாத நாவல்கள்தான் அவை, எல்லாம் பேய்க்கதை. ஐந்தாறு படித்ததுமே எங்களுக்குச் சலித்துவிட்டது. பத்துப் பக்கம் படித்து மூடிவிட்டு, மீதிக் கதையை நானே சொல்வேன்: பாழுங்கிணறு, வெள்ளைப் புடவை, கொன்றவன் வீட்டிலேயே வந்து ஏறும் ஆவி, கடைசியில் பழிக்குப் பழி. ஒருமுறைகூட நான் தோற்றதில்லை. எனக்கு அது விளையாட்டு. அக்காவுக்கோ கோபம் வரும். ஒருநாள் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்துவிட்டுச் சொன்னாள்:

“ஏட்டி, செத்த பொறவுதான் இவளுக்குக் கை நீளுமாக்கும்? உசுரோட இருக்கையில ஒரு அடி திருப்பிக் குடுத்தா என்ன?”

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது எனக்குத் தெரியாது. கழுத்தில் ஒன்றும் இல்லை. முதுகில் சூடு வைத்த தழும்பு ஒன்று உண்டு. சின்ன வயதில் அடுப்பில் விழுந்தேன் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைக் கடையில் நான் பால் வாங்கிக்கொண்டிருந்தபோது, கையில் அல்வாப் பொட்டலத்தோடு ஒருவன் வந்து, பேச்சியம்மாள் என்ற பெண் இங்கே எங்கே தங்கியிருக்கிறாள் என்று கேட்டான். வெளுத்த சட்டை, சாந்தமான பேச்சு. அண்ணனா என்று கேட்டேன். ஆமாம் என்று சிரித்தான். நானே முன்னால் நடந்து, கடைசி அறைக் கதவைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக்கூட நேரமில்லை. அலறல் கேட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். அக்காவின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து அவளை வாசலுக்கு இழுத்துவந்தவன், துவைக்கும் கல்லில் அவள் முகத்தை மோதினான். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம் அம்மா நனைத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியில் பரவியது. பெல்ட்டை உருவி, கொக்கி இருந்த பக்கத்தால் அடித்தான். கீழே விழுந்தவளை வயிற்றில் மிதித்தான். “ஓடிப்போன சிறுக்கி, உனக்கு வேலையா கேக்கு?” என்று ஒவ்வொரு மிதிக்கும் சொன்னான்.

மற்ற அறைகளிலிருந்து ஆண்கள் வெளியே வந்துவிட்டார்கள். அப்பா கையைக் குறுக்கே நீட்டி அவர்களைத் தடுத்தார். “புருஷன் பொண்டாட்டி மேட்டரு. நமக்கு இன்னாத்துக்கு?” என்றார். யாரும் நகரவில்லை. நானும்தான்.

அக்கா தரையில் ஊர்ந்து குழாயடிக்குப் போனாள். அங்கே கழுவப் போட்டிருந்த எங்கள் வீட்டுத் தோசைக்கல் அவள் கையில் அகப்பட்டது. இருந்த இடத்திலிருந்தே அதை விடாமல் பிடித்துச் சுழற்றினாள். அது பின்னால் வந்தவனின் முழங்காலில் பட்டு அவன் குனிந்ததும், எழுந்து தாடையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்தான், அவள் நிறுத்தவில்லை. தோளில், விரல்களில், வாயில். பல் தெறித்தது. கடைசியில் அம்மாதான் அப்பாவைத் தாண்டிப் போய் அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

“போதும்டி. செத்துடப் போறான்.”

“சாவட்டும். பேயா வந்து அடிப்பானோ?” என்றாள் அக்கா. பிறகுதான் தோசைக்கல் கீழே விழுந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கி அனுப்பினார்கள். அக்காவுக்கு இடது மணிக்கட்டு உடைந்து, ஒரு காது கேட்காமல் போயிற்று. கம்பெனி லைனில் நின்று வேலை பார்க்க முடியாததால் வேலை போனது. ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யச் சொன்னார் அப்பா. பெட்டியோடு அவள் சுங்குவார்சத்திரம் பஸ்ஸுக்கு நின்றபோது, வழி காட்டியது நான்தான் என்று சொல்லி அழுதேன். கேட்கும் காதை என் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“இனிமே யாரு வந்து கேட்டாலும், உள்ள இருக்குறவகிட்ட மொதல்ல கேளுட்டி,” என்றாள். தலையைத் தடவவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

இப்போது அந்த லைன் வீடும் இல்லை, துவைக்கும் கல்லும் இல்லை. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி, பெண்கள் ஹாஸ்டலாக விட்டிருக்கிறோம். அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெட்டிக்கடையில் நாவல்கள் தொங்குவதில்லை. பெண்கள் போனில் பேய்க்கதை கேட்டபடி வேலைக்குப் போகிறார்கள். போன வாரம் கேட்டில் ஒருவன் வந்து, ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, தன் தங்கச்சி, பார்க்க வேண்டும் என்றான். கேட்டைப் பூட்டிவிட்டு மாடியேறிப் போய் அவளிடம் கேட்டேன். அவள் முகம் வெளிறியது, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கீழே வந்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். அவன் போகும்வரை கேட்டருகிலேயே நின்றிருந்தேன்.